பூண்டுக் கொட்டகைப் புகை

பீடியை விட்டு நான்கு வாரம் ஆனால்தான் மயக்க ஊசி போடுவேன் என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது எனக்கு வந்தது பயம் இல்லை, அலுப்பு. ஐம்பத்தாறு வயது மனிதனிடம் இன்னும் எதைத்தான் பிடுங்குவார்கள்? பல்லில் நாலு போய்விட்டது. காப்பியில் சர்க்கரை போய்விட்டது. மிச்சம் இருந்தது பீடி ஒன்றுதான்.

எனக்குக் குடலிறக்கம். கொடைக்கானலுக்கும் மேலே, கிளாவரையில் பூண்டு போடுகிறவர்கள் நாங்கள். முப்பது வருஷம் மூட்டை தூக்கியதில் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். நானும் அதை வீட்டுக்கு வந்து போகிற பங்காளி மாதிரி விட்டுவைத்திருந்தேன். ஒரு நாள் வெளியே வந்தது உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. வலியில் சுருண்டவனை ஜீப்பில் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் ஜீப் தூக்கிப் போட்டதில் அதுவாகவே உள்ளே போய்விட்டது. பிறகு மதுரையில் பார்த்த அறுவை டாக்டர் ஒளிவுமறைவு வைக்கவில்லை. "அடுத்த தடவை மாட்டுச்சுன்னா நீங்க மலை எறங்குறதுக்குள்ள குடல் அழுகிரும்" என்றார். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். செய்து தைத்த பிறகு நான் இருமக்கூடாது. இருமினால் தையல் பிரியும். பீடி பிடிக்கிறவன் இருமாமல் எங்கே இருப்பான்?

விட்டேன். வேறு வழி? அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும். முதல் வாரம் நான் யாரிடமும் மனிதனாகப் பேசவில்லை. சட்டைப் பை காலியாகக் கிடப்பது பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி இருந்தது. கை அங்கேயேதான் போகும். டீக்கடையில் மச்சினன், என் மனைவியின் தம்பி, என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், நீங்க விட்டுட்டீங்கன்னா கடைக்காரரு வேற சோலிதான் பாக்கணும்."

அவனோடு பத்து நாள் பேசவில்லை.

அது பூண்டு எடுத்த சமயம். எங்கள் பக்கத்தில் பூண்டைப் பிடுங்கியதும் வெயிலில் காயவைக்க முடியாது. வெயில் எங்கே இருக்கிறது? மதியம் இரண்டு மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, கொட்டகைக்குள் கழியில் தொங்கவிட்டு, அடியில் விறகைப் புகையவிடுவோம். தீ எரியக்கூடாது, அணையவும் கூடாது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈர விறகும் காய்ந்த விறகுமாகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். வாரக் கணக்கில் இந்த வேலை. விட்டால் விதைப்பூண்டு பூசணம் பிடித்துவிடும். எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து அங்கே உட்கார்ந்தது என் மனைவி. அடுப்படிக்குக் கேஸ் வந்து பல வருஷமாகியும் அவளுக்கு இருமல் போகாததற்கு இந்தக் கொட்டகைதான் காரணம். எனக்கு அது தெரியாமல் இல்லை. "சும்மா கொக்கு கொக்குன்னு இருமாத" என்று நான் சொன்னதும் உண்டு. இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது.

பீடியை விட்ட எட்டாம் நாள் ஏதோ எடுக்கப்போய்க் கொட்டகைக்குள் நுழைந்தேன். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். அட, அந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! நெஞ்சு ஒருமுறை எரிந்து அடங்கியது, எட்டு நாள் நடுக்கம் விரலைவிட்டு இறங்கியது. வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"இந்த வருசம் நீ கொட்டாய்க்குப் போகவேணாம். நான் பாத்துக்கிறேன்."

அவள் "சரிங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் பொழுது அங்கேதான். பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு புகை கட்டிநிற்கிற மூலையில் முக்காலியைப் போட்டு உட்காருவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது எனக்குத்தான் சொன்னது. நான் பீடியைத் தொடவில்லை, யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். அதே சமயம் பக்கத்துவீட்டுக்காரியிடம் இவள் பேசியது காதில் விழுந்தது. "என்னைய இந்த வருசம் கொட்டாய்க்குள்ள விடவே மாட்டேங்குறாரு. எனக்கும் இருமல் எவ்வளவோ மட்டுப்பட்டிருக்கு." எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருடனுக்கு மாலை போட்டால் கழுத்தை நீட்டத்தானே செய்வான்.

நான்கு வாரம் முடிந்து மதுரைக்குக் கிளம்பிய அன்று வெள்ளனே எழுந்து, பஸ் வருகிறவரை கொட்டகையில் இருந்துவிட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பெருமாள்மலையில் வண்டி நின்றபோது இறங்கியவர்கள் எல்லாரும் பற்றவைத்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து என் கையில் வைத்தாள். நான் அதைக் கடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது. ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார். நெஞ்சில் எவ்வளவு புகை தங்கியிருக்கிறது என்று அது காட்டிவிடுமாம். ஊதினேன். எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, எங்கிட்ட மறைக்காதீங்க. இன்னைக்கு எத்தனை பிடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்லம்மா. நாலு வாரமாச்சு."

"நெஞ்சு விசிலடிக்குது. மிஷினும் வேற சொல்லுதே."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே உண்மை தெரிந்தவனுக்கு வருகிற கோபம், அது கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். மிஷினை மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவள் எழுந்துவிட்டாள். வீட்டைவிட்டால் தோட்டம் என்று இருப்பவள், டாக்டரிடம் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அவரு பீடியைத் தொடலைங்கம்மா. எங்க பூண்டுக் கொட்டாயில மூணு வாரமா புகையில உக்காந்து கெடக்காரு. எனக்கு இருமல்னு என்னைய விடாம அவரே உக்காந்தாரு."

டாக்டரம்மாவின் முகம் இளகியது. "நல்ல மனசுதான். ஆனா நெஞ்சுக்கு எல்லாப் புகையும் புகைதான்யா. இப்படியே மயக்கம் குடுக்க முடியாது. இன்னும் மூணு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க, வயித்துல வலி வந்தா மட்டும் ஒரு நிமிசம் தாமசிக்காம வெரசா வந்துருங்க" என்றார். நல்ல மனசு!  அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் அவளே பேச்சை எடுத்தாள். "நாளைல இருந்து நான் பாத்துக்கிறேன். நீங்க தள்ளியே இருங்க."

கூலிக்கு ஆள் தேடலாம் என்றேன். ஊரில் எல்லார் வீட்டிலும் பூண்டு தொங்கியது, யார் வருவார்கள்? போனால் போகட்டும், பூண்டு அழுகட்டும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்கு உயிர் முக்கியமாக இருந்தது, அடுத்த போகத்துக்கு விதையும் முக்கியமாக இருந்தது. இரண்டையும் அவள் தலையில் வைத்தேன். ஐந்தாம் நாளே கொட்டகையிலிருந்து அந்தப் பழைய இருமல் கேட்க ஆரம்பித்தது. நான் வீட்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுத்தமான காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்று வாரம் கழித்து, பூண்டும் காய்ந்து முடிந்தபிறகு, மறுபடி மதுரைக்குப் போய் ஊதினேன். டாக்டரம்மா சிரித்தார். மறுநாள் ஆபரேஷன், ஒரு சிக்கலும் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் நர்ஸ் வந்து ஒரு தலையணையைக் கொடுத்து, இருமல் வந்தால் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். இவள் கட்டிலுக்குக் கீழே பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான் ஒனக்காகக் கொட்டாயில உக்காரலை" என்றேன். "பீடி இல்லாம முடியலை. அதான் போனேன்."

அவள் கஞ்சி ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும். எனக்காக உக்காந்தவரு கதவைச் சாத்திக்கிட்டா உக்காருவாரு? முப்பது வருசம் நான் கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு, வாசப்பக்கம் மூஞ்சிய நீட்டிக்கிட்டுத்தான உக்காந்தேன்."

"பெறகு ஏன் டாக்டரம்மாகிட்ட அப்படிச் சொன்ன?"

"எதுக்கு உக்காந்தா என்ன. மூணு வாரம் இருமாமத் தூங்குனேன். அது போதும்னு இருந்துட்டேன்."

டம்ளரை என் கையில் கொடுக்க வந்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி இருமினாள். நெடுநேரம் இருமினாள். நான் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு இருமல் வரவில்லை.