முருங்கை வேருக்கு ஊற்றிய துத்தம்

எங்கள் வீட்டு முருங்கைக் கீரையை நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கருவடிக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் சந்தில் எந்த வீட்டில் முருங்கைக் கீரை வதக்கினாலும் அது என் மரத்தினுடையதுதான். கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், ஒடித்துக்கொண்டு போவார்கள். கேட்கக்கூட வேண்டாம் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

போன ஐப்பசி மழையில் கக்கூஸ் தண்ணீர் இறங்காமல் மேலே வந்தது. எங்கள் சந்துக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். லாரிக்காரர் வந்து உறிஞ்சினார். குழாய் வாயிலிருந்து தலைமுடிக் கற்றை மாதிரி வேரை இழுத்துப் போட்டார்.

"முருங்க வேருதாம்மா. மயில்துத்தம்னு நீலக் கல்லு மாதிரி விஷ உப்பு விக்கும், கரைச்சு ஊத்துங்க, வேரு கருகிடும்."

கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாயைத் தோண்டிப் பார் என்று என் மகனிடம் அன்றைக்கே சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. தவளக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் கக்கூஸ் பீங்கானில் நீலக் கறை.

"என்னடா இது?"

"துத்தம்மா. நேத்து காலைல ஊத்தினேன். ஒரு கிலோ போதும்னாங்க, நான் மூணு கிலோவா ஊத்திட்டேன். ஒரேடியா முடிஞ்சிடும்."

"கீர பறிக்க வருவாங்களேடா. யார்கிட்டயாவது சொன்னியா?"

"வேருக்கு ஊத்தினது எலைக்கு எப்படிம்மா போவும்?"

"நீ குடிக்கிற தண்ணி உன் வாயோட நின்னுடுதா?"

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஆறு மாதமாக முழுகாமல் இருக்கிறவள்.

"ஆயா, ரெண்டு கொத்து ஒடிச்சுக்கறேன்."

"வேணாம்."

"ஏன் ஆயா, மரத்த யாருக்காச்சும் வித்துட்டீங்களா?" சிரித்தாள்.

"இன்னிக்கு இல்ல, போ."

அவள் தலைக்கு மேலேயே கொத்துக் கொத்தாகக் கீரை. அதை நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

எங்கள் கக்கூஸ் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு நிஜத்தை விழுங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நேற்றோ முந்தாநாளோ பறித்திருந்தால்? அந்த நிமிஷம் வந்த கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனை எழுப்பி, கை கழுவ விடாமல் எதிர்வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன ஊத்தினேன்னு நீயே சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு நாளா வாந்தி ஆயா, நான் வரவேயில்ல. இன்னிக்குதான் நாக்கு கேட்டுச்சு. எங்க மேல ஏதோ கோவம்னு நெனச்சிட்டேன்," என்றாள்.

மிச்ச வீடுகளுக்கும் அவனையே அனுப்பினேன்.

கொத்தனார் வந்து தோண்டினார். பழைய மண்குழாய், மூட்டு விட்டுக் கசிந்திருந்தது. ஈரம் இருக்கிற இடத்துக்கு வேர் வரத்தான் செய்யும். வீடு கட்டும்போது அந்தக் குழாயே போதும் என்று சொன்னவள் நான். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

விஷம் கீரைக்கு ஏறுமா, ஏறாதா? எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாமலே ஊற்றினான். அதை நான் மன்னிக்கவில்லை.

மரம் சாகவில்லை, முன்னைவிடத் தழைத்து நிற்கிறது. இப்போது கேட்டுச் சத்தம் கேட்டால் நான் வெளியே வருவதில்லை. கீரை இல்லை என்று அவன்தான் போய்ச் சொல்ல வேண்டும்.