ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரிசி

கொடைக்கானல் மலையிலேயே பிறந்து, அந்த மலையிலேயே வாக்கப்பட்ட சின்னத்தாயிக்கு மலையைப் பார்த்தாலே எரிச்சல். "பாக்கறதுக்கு என்னங்க இருக்கு இதுல? இங்கிட்டு ஒரு மேடு கெடக்கு, அங்கிட்டு ஒரு பள்ளம் கெடக்கு. பள்ளத்துல தண்ணி ஓடுது. இதுக்குப் போயி மதுரையிலருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கிட்டு வர்றாங்களே மகராசங்க!" என்பாள். சொல்லிக்கொண்டே அந்த மகராசன்களின் கூடாரத்தைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நடையைக் கட்டுவாள்.

பூம்பாறை தாண்டி உள்ளே போனால் ஆறு மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிற இடுக்கு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அக்கரையில் கொஞ்சம் மணல் திட்டு. ஐம்பதுகளில் சீசன் வந்துவிட்டால் கல்லூரிப் பையன்களும் வாத்தியார்களும் அங்கே வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற மேல்மலைக் குடும்பங்கள் சில அந்த நாட்களில் மட்டும் சுமை தூக்கப் போகும். சுமைகாரர்களுக்கெல்லாம் தலைவர் நல்லுசாமி. சின்னத்தாயியின் புருஷன் செல்லப்பாண்டிக்கு உடன்பிறந்த அண்ணன்.

சின்னத்தாயிக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. இந்த வாத்தியார்களுக்கெல்லாம் ஊரில் வீடு இருக்கிறது. சுவர் வைத்து, ஓடு போட்டு, கதவும் தாழ்ப்பாளும் உள்ள வீடு. அதைப் பூட்டிவிட்டு வந்து, நாலு குச்சி நட்டு, துணியைப் போர்த்தி, அதற்குள் குளிரில் வெடவெடத்துக்கொண்டு கிடக்கிறார்கள். கேட்டால் ஆனந்தம் என்கிறார்கள். "கொழுப்புங்க. வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவாள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுக்கென்று ஒரு வீடு இல்லை.

இப்படிச் சொன்னால் நல்லுசாமி சண்டைக்கு வருவார். அவர் வீடு இருக்கிறதே, அதில்தானே எல்லோரும் இருக்கிறார்கள்? இருக்கிறார்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. அடுப்புக்கு மேலே பரண் நிறையப் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கும். அந்தப் பூண்டுக்கு இருந்த இடம்கூடச் சின்னத்தாயிக்குக் கிடையாது. அடுப்பு அண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடியின் ராஜ்யம். உப்புப் பானையைத் தொடவேண்டுமானால்கூட "அக்கா, ஒரு கல்லு உப்பு எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்கவேண்டும். அன்னக்கொடி உடனே பதில் சொல்லமாட்டாள். முதலில் குழம்பைக் கிண்டுவாள், பிறகு இருமுவாள், அதற்குப் பிறகு தலையை ஆட்டுவாள். புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாக நாலு வார்த்தை பேசினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்லுசாமி தொண்டையைச் செருமுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சின்னத்தாயிக்குத் தன் புருஷனை மனம்விட்டுத் திட்டக்கூட ஓர் இடம் கிடைக்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

புருஷனின் அண்ணன் முன்னால் அவள் வாய் திறக்கக்கூடாது. அது வழக்கம். ஊரையே வாயால் அளக்கிறவள், நல்லுசாமி வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடவேண்டும். ஆகவே கேட்கவேண்டியவன் செல்லப்பாண்டிதான். அவனோ அண்ணன் தும்மினாலே "சரிண்ணே" என்கிற ரகம். முதுகில் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு வழுக்குப் பாறையில் ஓடுவான், காட்டெருமைக்குப் பயப்படமாட்டான், ஆனால் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"தோட்டத்து மேட்டுல ஒரு துண்டு சும்மாதானங்க கெடக்கு? நாலு மண்சுவரு வச்சு, புல்லு வேஞ்சு, ஒரு அடுப்பு. அவ்வளவுதானே கேக்கறேன், அரமனையா கேக்கறேன்?"

"சொல்றேன் புள்ள. நேரம் பாத்துச் சொல்றேன்."

"ஆமா, நீங்க நேரம் பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்குக் குழி வெட்டிருவாங்க. அப்பவாவது தனியா ஒரு எடம் கெடைக்கும்."

ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் மதுரையிலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. தலைமை, திருமலைச்சாமி என்ற வாத்தியார். முழங்கால்வரை காக்கி நிஜார், கழுத்தில் விசில், நெஞ்சில் சாரணர் சின்னம். ஆள் கெட்டவரில்லை. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார், அவ்வளவுதான். பையன்களை இரண்டாகப் பிரித்தார். முதல் கூட்டம் வெள்ளனே கிளம்பிப் போய்க் கூடாரம் அடிக்கவேண்டும். இரண்டாவது கூட்டம் மதியத்துக்கு மேல் வரும். பாத்திரம், மிளகாய், புளி, வெங்காயம் முதல் கூட்டத்தோடு. அரிசி, பருப்பு இரண்டாவது கூட்டத்தோடு. ஏன் இப்படிப் பிரித்தார் என்று கேட்காதீர்கள். படித்தவர்.

நல்லுசாமியும் சின்னத்தாயியும் முதல் கூட்டத்தில். செல்லப்பாண்டி அரிசி மூட்டையோடு இரண்டாவதில். வழி நெடுக வாத்தியார் ஆங்காங்கே நின்று, கல்லின்மேல் கல்லாக அடுக்கிவைத்துக்கொண்டே போனார். பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதற்காம். இதை அவர் பையன்களிடம் இங்கிலீஷில் சொன்னார். எல்லோருக்கும் கடைசியில் அண்டாவைச் சுமந்து வந்த சின்னத்தாயிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவள் பார்த்தாள். கல்லடுக்கு! மலையேறுகிறவர்கள் வழியில் கல்லடுக்கி வைப்பது எதற்கு என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! பழனிக்குப் போகிறவர்கள் அடுக்குகிறார்கள், எந்த மலைச்சாமிக்குப் போகிறவர்களும் அடுக்குகிறார்கள். 'சாமி, எனக்கும் இந்த மாதிரி ஒரு வீடு கட்டிக் கொடு' என்கிற வேண்டுதல். வாத்தியார் மதுரைக்காரர்தான், அவருக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்தான். காக்கி நிஜார் போட்டதும் மறந்துவிட்டது போலிருக்கிறது.

'அட பாவமே! வாத்தியாரய்யாவும் வாடகை வீடுதானா!' என்று சின்னத்தாயிக்கு அவர்மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. ஒரு மனுஷனுக்கு எத்தனை வீடு? அடுக்கிக்கொண்டே போகிறாரே!

ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று நேரே இறங்கி, ஆற்றைக் கடந்து, மணல் திட்டுக்குப் போகும். இன்னொன்று இக்கரையிலேயே பாறை விளிம்போரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பிரிவில் வாத்தியாரின் கல்லடுக்கு ஒன்று இருந்தது. சின்னத்தாயி அண்டாவை இறக்கிவைத்தாள். அவர் வேண்டுதலுக்குப் பக்கத்திலேயே தன் வேண்டுதலையும் வைக்க அவள் மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வீடு இருந்தால் சாமி தவறிப்போய் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால்? மறுபடியும் கூட்டுக் குடித்தனமா? ஐயய்யோ!

பாறை விளிம்புப் பாதையில் கொஞ்சம் தள்ளிப் போய் ஒன்று அடுக்கினாள். திரும்பிப் பார்த்தால், அங்கே வெயில் படாது, துணி காயாது. இன்னும் தள்ளிப் போய் ஒன்று. அங்கே தரை சரிவு. அதற்கும் தள்ளி ஒன்று, ஒன்றையடுத்து ஒன்று, கடைசியில் பாறை நுனியில் ஆற்றைப் பார்த்த மாதிரி அருமையான இடம். சுவருக்குக் கல் கிடைத்தது. கூரைக்குத் தட்டையான கல் கிடைக்கவில்லை. வாத்தியாரின் அடுக்கில் ஒரு பலகைக் கல் இருந்ததே! திரும்பிப் போய் அதை உருவினாள். வாத்தியார் வீடு பொலபொலவென்று சரிந்தது. 'படிச்சவரு. வேற எங்கயாச்சும் கட்டிக்குவாரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் வீட்டுக்குக் கூரை போட்டாள். மற்ற அடுக்குகளுக்கு வைத்த மாதிரியே இதற்கும் பக்கத்தில் மூன்று சின்னக் கற்களை அடுப்பாக வைத்தாள். அவளுக்கு அடுப்பில்லாமல் வீடில்லை. போகிற மலையிலெல்லாம் அவள் அடுக்கினால் அந்த மூன்று கல்லும் கட்டாயம் இருக்கும். கும்பிட்டுவிட்டு, அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெரசா இறங்கி ஆற்றைக் கடந்துபோனாள்.

மதியத்துக்கு மேல் மேற்கே எங்கேயோ மழை கொட்டியது. ஆறு காப்பித் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. வாத்தியார் விசில் ஊதினார். ஆறு அதை மதிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம், எதிர்ப் பாறை நுனியில் பையன்கள் தலை தலையாகத் தெரிந்தார்கள். நடுவில் செல்லப்பாண்டி, முதுகில் அரிசி மூட்டையோடு.

இங்கே பாத்திரம். அங்கே அரிசி. நடுவில் வெள்ளம். இங்கிருந்தவர்கள் புளித் தண்ணீரில் வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து ரசம் என்று பெயர் சூட்டினார்கள். அங்கிருந்தவர்கள் பச்சரிசியை மென்றுகொண்டு நின்றார்கள்.

"என் வழிக்குறி என்ன ஆச்சு? பிரிவில் வைத்தேனே!" என்று வாத்தியார் குதித்தார். சின்னத்தாயிக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்தால் ஆபத்து என்று, புகைகிற அடுப்பை மும்முரமாக ஊதத் தொடங்கினாள்.

நல்லுசாமி கரையோரம் போய் நின்று கத்தினார். இரண்டு பாறைக்கும் நடுவே குரல் நன்றாகப் போகும். "ஏலே செல்லப்பாண்டி! புத்தி கெட்டவனே! பொறந்ததுலருந்து நடந்த வழிதானேடா! எதுக்குடா அங்க போயி நிக்கற?"

"வழி தெரியும்ணே!" என்று அங்கிருந்து குரல் வந்தது. "கல்லப் பாத்தேன்! பக்கத்துல அடுப்பு இருந்துச்சு! எம் பொண்டாட்டி அடுக்குனது! அவ வீடு எங்கதான் முடியுதுன்னு பாக்கலாம்னு வந்தேன்!"

பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் வாயிலிருந்து விசில் நழுவியது. சின்னத்தாயி ஊதுவதை நிறுத்தினாள்.

"வீடா? என்னடா வீடு?"

வெள்ளம் போகிறபோது எதிர்க்கரையில் நிற்கிறவனுக்கு வீரம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. செல்லப்பாண்டி மூட்டையை இறக்கிவைத்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினான்: "எனக்குத் தனி வீடு வேணும்ணே!"

பாறை அதை வாங்கி, "வேணும்ணே, வேணும்ணே" என்று இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. நல்லுசாமி கூடாரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

சின்னத்தாயி அன்றைக்கு ஒரு வாய் ரசம்கூடக் குடிக்கவில்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அவளுக்கா தன் புருஷனைத் தெரியாது? வெள்ளம் வடிந்தால் வீரமும் வடிந்துவிடும். நாளைக்கு அண்ணன் எதிரே வந்து நிற்கிறபோது "சும்மா வெளையாட்டுக்குண்ணே" என்பான். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. அதை நினைத்தபோது சாமியையும் சேர்த்துத் திட்டினாள்.

விடிந்தபோது ஆறு முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. பையன்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடைசியாகச் செல்லப்பாண்டி. கரையில் நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். வாத்தியார்கூடப் பார்த்தார்.

"நேத்து அங்கருந்து என்னமோ கத்துன" என்றார் நல்லுசாமி. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆத்து எரைச்சல்ல எனக்கு ஒண்ணும் காதுல விழல."

பச்சைப் பொய். பாறைக்கே கேட்டது, இவருக்குக் கேட்காதா? ஆனால் அது தம்பிக்கு அண்ணன் காட்டிய தப்பிக்கிற வழி. 'ஒன்றுமில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். போச்சு, நுழைந்துவிடுவான் என்று சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்லப்பாண்டி மூட்டையை இறக்கினான். கழுத்தைத் துடைத்தான். அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

"காதுல விழலையாண்ணே? இங்க எரைச்சல் இல்ல. பக்கத்துல நின்னு சொல்றேன். தோட்டத்து மேட்டுல எங்களுக்குத் தனியா ஒரு வீடு வேணும். நேத்து அவ பேரச் சொன்னேன், அது தப்பு. அவ கேக்கல. நான்தாண்ணே கேக்கறேன்."

நல்லுசாமி துண்டை இன்னொரு தரம் உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேட்டுல காத்து ஜாஸ்தி. சுவரத் தடிமனா வையி" என்று சொல்லிவிட்டு, கூடாரக் குச்சிகளைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. உப்பும் இல்லை. பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள். வாத்தியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா சமையல் இது?" என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவரும் அவருடைய விசிலும் என்ன பாடு பட்டிருக்குமோ. சின்னத்தாயியோ அகப்பையைப் பிடித்தபடி, எல்லோர் முன்னாலும், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள்.