பெண் கொடுக்கத் தகுந்த ஊர்

சொர்ணவல்லிக்குப் பொய்யான படம் பிடிக்காது. இல்லாத உலகத்தை வரையச் சொல்லிப் பாடம் நடத்துகிறவர் இப்படிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். இல்லாத ஊராக இருக்கட்டும், பொய்யான ஊராக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

இலுப்பூர்க்காரர். சென்னையில் ஆறு வருடம் கணினி விளையாட்டுகளுக்குக் காடும் கோட்டையும் வரைந்துவிட்டு, புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் வடிவமைப்புத் துறைக்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தவர். முதல் வாரமே, "ஆளுக்கொரு உலகம் வரைஞ்சிட்டு வாங்க" என்றார். நாற்பத்திரண்டு பேரும் பனிமலை வரைந்து வந்தார்கள். உச்சியில் கோட்டை, கோட்டைக்கு மேல் பறக்கும் நாகம். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நாலடி வைக்க முடியாத மாவட்டத்தில் எங்கிருந்துதான் இவ்வளவு பனி கொட்டியதோ.

சொர்ணவல்லிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது. சித்தி மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். பெண் வீட்டுப் பெண்கள் காபி டம்ளரோடு, பேச்சோடு பேச்சாகக் கொல்லைப்பக்கம் வரை போய்வந்துவிடுவார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே காயும், மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா... பத்து நிமிடத்தில் அந்த வீட்டின் ஜாதகமே வெளியே வந்துவிடும்.

மறுநாள் வகுப்பில், "படம் வரைஞ்சவங்க மாப்பிள்ளை வீடு. மத்தவங்க எல்லாரும் பொண்ணு வீடு. கேள்வி கேளுங்க. பதில் இல்லாத ஊருக்குப் பொண்ணு கிடையாது" என்றார். அன்றே பனி முழுக்க உருகிவிட்டது. கோட்டையில் கக்கூஸ் எங்கே என்று ஒருத்தி கேட்டதில் ஒரு ராஜாங்கமே கவிழ்ந்தது.

பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து வரைந்தார்கள். பெற்றோர்தான் முறைத்தார்கள். சாப்ட்வேர் சொல்லித்தராமல் கதை அளக்கிறார்கள் என்று புகார் மேல் புகார். கல்லூரி முதல்வர் ஞானமணி, அந்த வகுப்பை நிறுத்தும் உத்தரவை டைப் அடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். அந்த வகுப்பு போனால் சொர்ணவல்லிக்கு அங்கே வேறு எதிலும் மனசு ஒட்டாது.

முதலில் எழுந்தவர் கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி பெரியகருப்பன். "இல்லாத ஊரைப் படம் போடவா சார் எம்மகள இம்புட்டுத் தூரம் பஸ் ஏத்தி விடுறேன்?"

"அந்த ஊரை ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்கய்யா" என்றார் சொர்ணவல்லி. "பொண்ணு குடுக்கப் போறவரா நெனச்சுப் பாருங்க."

அவர் மகள் காவ்யா படங்களை மேசையில் பரப்பினாள். காற்று ஓயாத ஊர் அது. கிழக்கிலிருந்து வருடம் முழுக்கப் புயல் அடிக்கும். வீடுகள் தரைக்குள் பாதி இறங்கியிருந்தன. தென்னைகள் மேற்கே தலைவைத்து, படுத்தபடியே வளர்ந்து காய்த்திருந்தன.

பெரியகருப்பன் மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவர். வீடு பார்ப்பதில் அவரை ஏய்க்க முடியாது.

"அடுப்பு எங்கிட்டு ஆத்தா?"

"மேக்குச் செவுத்துலப்பா. பொகை உள்ள திரும்பாது."

"மரம் அடுத்தவன் வயலுக்குள்ளல்ல படுத்துருக்கு. காய் யாருக்கு?"

"கொண்டை யாரு வயல்ல கெடக்கோ அவுகளுக்கு. கெழக்க உள்ளவுக மரத்துக் காய் நமக்கு. நம்ம மரத்துக் காய் மேக்க உள்ளவுகளுக்கு."

"அப்ப கெழக்குக் கடைசி வயக்காரனுக்கு ஒரு காயும் வராதே."

இந்தக் கேள்வி சொர்ணவல்லிக்கே தோன்றியதில்லை. காவ்யா அடியில் கிடந்த தாளை உருவி மேலே வைத்தாள். "அங்க யாருக்கும் வயல் இல்லப்பா. அது கோயில் தோப்பு."

பெரியகருப்பன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கஜா புயலில் எண்பது தென்னையை வேரோடு பறிகொடுத்தவர் அவர். "நம்ம மரத்துக்கு அன்னைக்கு இப்படிப் படுக்கத் தெரியல" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு முதல்வர் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கலாம் சார்."

அவ்வளவுதான். எங்க பிள்ள ஊரைக் காட்டுங்க என்று மற்ற பெற்றோர் மேசையை மொய்த்துவிட்டார்கள். ஞானமணியும் ஒரு படத்தின் மேல் குனிந்து, பஸ் ஸ்டாண்டு எங்கே என்று ஒரு மாணவனைக் குடைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது உத்தரவு நாலாக மடிந்து அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

"வாரத்துக்கு ரெண்டு பீரியடு போதுமா மேடம்?"

"நாலு வேணும் சார்" என்றார் சொர்ணவல்லி.

நாலும் கிடைத்தது.