மூர்த்தம் பார்க்கிற மகள்

தொண்ணூறுகளில் ஒரு பல்கலைக்கழக விடுமுறைக்கு, பஸ்ஸில் எல்லோருடைய முறைப்பையும் வாங்கிக்கொண்டு, எண்ணெய்ப்பனைக் கன்றுகளோடு மருதமுனைக்கு வந்திறங்கினேன். அவற்றின் வேர்நுனிகளை வெட்டி, பதப்படுத்தும் மருந்துப் போத்தலில் போட்டுவைத்தால், திரும்பிப்போய் நுணுக்குக்காட்டியில் குரோமோசோம்களைப் பார்க்கலாம். எங்கள் பாடப்புத்தகத் தமிழில் அவற்றுக்கு நிறமூர்த்தம் என்று பெயர்.

உம்மாவுக்கு எதையும் முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லை. பெயரில் பாதிதான் அவர் வாயில் நின்றது. முகூர்த்தத்துக்கும் எங்கள் பக்கத்துப் பேச்சில் மூர்த்தம் என்றுதான் பெயர். கேட்டவர்களிடமெல்லாம், "மகள் மூர்த்தம் பாக்கிற படிப்புப் படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார்.

பாண்டிருப்பிலிருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவரும் அக்கா, மறுநாள் தயிர்ச்சட்டியோடு தன் மகளின் சாதகத்தையும் கொண்டுவந்தார். "கெம்பஸ் புள்ள பாத்தா பிழை வராது. மகள்ற கலியாணத்துக்கு நல்ல நேரம் ஒண்டு சொல்லுங்க."

சிரிப்பதா, உம்மாவோடு சண்டை பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா, எனக்குத் தெரிஞ்ச நேரம் ஒண்டுதான். காலையில பத்து மணிக்குக் கிட்ட. அப்பதான் வேருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலமெல்லாம் ரெண்டு ரெண்டாப் பிரியும். அது பாத்துத்தான் நான் வெட்டுற."

அக்கா சாதகத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

"பிரியிற நேரம் ஆருக்கு வேணும் புள்ள? சேருற நேரத்தையும் படிச்சிட்டு வாங்க."