காகிதச் சுருளின் மேல் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மார்லிஸ் பத்தொன்பது வருடமாக உணவகம் நடத்துகிறாள். யார் காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது அவளுக்கு மனப்பாடம்.

போன மாதம் கழிப்பறையைக் கழுவப் போனபோது, காகிதச் சுருளின் மேல் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. சற்று முன்தான் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே போய் வந்திருந்தாள். மறுநாளே, ‘உள்ளே துப்பாக்கி வேண்டாம்’ என்று மார்லிஸ் கதவில் எழுதி ஒட்டினாள். இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வெளியே கிளம்பாத ஊர் அது. அதோடு ஊரில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்று காலை மூன்று பேர் இடுப்பில் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"என்னக்கா, ஈ ஓட்டுறியா?" என்றான் ரஸ். "எங்களயும் வெரட்டிட்டு யாருக்கு வடிச்சுக் கொட்டப் போற?"

அவள் ஊற்றிய காபி தட்டில் சிந்தியது. அவன் பக்கத்தில் இருந்த டெல்பர்ட்தான் அந்தத் துப்பாக்கியை மறந்து வைத்தவர். அன்றே அவரைக் கூப்பிட்டு ரகசியமாகத் திருப்பிக் கொடுத்திருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது. கதவில் எழுதி ஒட்டியது ஏன் என்று இப்போது சொன்னால், அவர் பெயரும் வெளியே வந்துவிடும்.

"வண்டில வச்சிட்டு வாங்கப்பா," என்றாள். "காபி ஆறிடும்."

"வைக்கலேன்னா?" என்றான் ரஸ்.

அவள் கதவில் ஒட்டியிருந்ததைக் கைகாட்டினாள். டெல்பர்ட் சட்டென்று எழுந்தார். அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போய், இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் திரும்பி வந்தார்.

மற்ற இருவரும் அசையவில்லை. மார்லிஸ் டெல்பர்ட்டின் காபியில் இரண்டு சர்க்கரை போட்டாள்.