இரண்டு ஸ்டீயரிங் வண்டி

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். நம்பிக்கை கிடையாது. அதோடு எனக்கு இருக்கிற பயங்களே எனக்குப் போதும். கதவைத் தாழ் போட்டோமா, அடுப்பில் கங்கு கிடக்கிறதா, பட்டறையில் முடுக்கின நட்டு முடுக்கினபடி இருக்கிறதா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து உட்காருகிறவனுக்கு இதில் பேய் வேறு எதற்கு? நாலாங்கிளாஸோடு படிப்பை விட்டவன் உளறுகிறான் என்று நீங்கள் தள்ளிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நாலு வருஷம் இருக்கும். நெல்லித்தோப்பில் காசிம் பாயின் கார்ப் பட்டறையில் நான் பிட்டர். துரைமார் விட்டுப்போன கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். கடலூர் ரோட்டில் ஒரு மாட்டுவண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போ போ" என்று சொல்ல வேண்டும். அதனால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றுவது ஊரில் ஒரு பைத்தியமாகவே பரவிவிட்டது. ஒருவர் மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரும் மாற்றுவார், தேவை இருக்கிறதோ இல்லையோ.

இதில் ஜவுளிக்கடைச் செட்டியார் ஒரு படி மேலே போனார். ஒரு பிரெஞ்சு டாக்டர் கப்பல் ஏறும்போது தன் கறுப்புக் காரை டிரைவர் சவரிமுத்துவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். சவரிமுத்து பாவம், அடுத்த வருஷமே கை கால் விழுந்து, பேச்சும் போய், படுத்துவிட்டார். அவர் சம்சாரம் விற்ற வண்டியைத்தான் செட்டியார் வாங்கி வந்தார்.

"பாய், இந்தப் பக்கம் புதுசு வையுங்க. அந்தப் பக்கம் இருக்கறதையும் எடுத்துடாதீங்க."

"ரெண்டு ஸ்டீயரிங்கா? ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க சம்சாரத்துக்கா செட்டியாரே?"

"கிண்டல் பண்ணாதீங்க பாய். அது இருந்தாத்தான் துரை வண்டின்னு நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க."

அப்படியே செய்தோம். வலது பக்கம் புது ஸ்டீயரிங். இடது பக்கத்துப் பழைய ஸ்டீயரிங்கின் தண்டை அடியில் இந்தக் கையால்தான் அறுத்தேன். அறுத்தபின் அது சும்மா சுற்றிக்கொண்டிருந்ததால் அசையாதபடி பற்றவைத்தும் விட்டேன். இரண்டு ஆள் தொங்கினாலும் திரும்பாது. வெறும் அலங்காரம், அவ்வளவுதான்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியின் முதல் ஓட்டத்தில், முடுக்கினவன் கூடவே போகவேண்டும். தன் உயிரும் உள்ளே இருந்தால் ஒழுங்காக முடுக்குவான் என்பது பாயின் கணக்கு. செட்டியார் வண்டியின் ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிற இடத்தில் ஒரு நட்டு உண்டு, அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்ன இரும்புப் பின் மாட்ட வேண்டும். மாட்டினேனா? மாட்டின மாதிரியும் இருந்தது, மாட்டாத மாதிரியும் இருந்தது. காலையில் போனதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போனால், செட்டியார் குடும்பத்தோடு வந்து நிற்கிறார். மகளையும் மூன்று மாதக் குழந்தையையும் கடலூரில் புருஷன் வீட்டில் விடப்போகிறார்களாம், ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டுமாம்.

"பாய், ஒரே ஒரு தடவ அடியில பாத்துடறேன்."

"ஆரம்பிச்சிட்டான்யா! நேத்து நாலு தடவ பாத்தியேடா கோவிந்தா. ஏறு, ஏறு."

நாலு தடவை பார்த்தது நிஜம்தான். ஆனால் பார்த்தது பிரேக்கை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, செட்டியாரும் சிரித்துவிட்டார், கூச்சத்தில் ஏறிவிட்டேன்.

செட்டியார்தான் ஓட்டினார். நான் இடது பக்கம், அந்த அலங்கார ஸ்டீயரிங்குக்குப் பின்னால். பின் சீட்டில் தாயும் மகளும், மகள் மடியில் குழந்தை. அது வண்டி கிளம்பினதிலிருந்து வீறிட்டு அழுதுகொண்டே வந்தது. தவளக்குப்பம் தாண்டியதும் ரோடு இடது பக்கமாக வளையும், நேரே போனால் ஏரி. மழை பெய்த சமயம், ஏரி முட்ட முட்ட நின்றது. அந்த வளைவில்தான் செட்டியார் கத்தினார்.

"டேய், இது சும்மா சுத்துதுடா!"

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் ஸ்டீயரிங் ராட்டினம் மாதிரி சுற்றுகிறது, வண்டி நேரே ஏரியைப் பார்த்துப் போகிறது. பிரேக்கை மிதிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் கத்தத் தோன்றவில்லை, 'பின்னை மாட்டவில்லை, பின்னை மாட்டவில்லை' என்ற ஒரே நினைப்புதான். அப்போது, நம்பினால் நம்புங்கள், என் நெஞ்சுக்கு முன்னாலிருந்த பழைய ஸ்டீயரிங் திரும்பியது. நான் தொடவில்லை, என் இரண்டு கையும் சீட்டைப் பிடித்திருந்தன. அது வெடுக்கென்றும் திரும்பவில்லை, பழகின கை திருப்புகிற மாதிரி நிதானமாக இடது பக்கம் வந்தது, வண்டியும் அதோடு வந்தது. வளைவு முழுக்க வந்தது. அப்புறம் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கி, தானாக வேகம் குறைந்து நின்றது.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன், கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இறங்கி அடியில் படுத்துப் பார்த்தேன். கம்பி கழன்று தரையில் கிடந்தது. நட்டைக் காணோம். மாட்ட வேண்டிய அந்தப் பின் என் சட்டைப் பையில் இருந்தது, பீடிக்கட்டோடு. அந்த வண்டியின் சக்கரத்தை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, வலது பக்கத்து ஸ்டீயரிங்கும் இல்லை, இடது பக்கத்து ஸ்டீயரிங்கும் இல்லை. எழுந்து போய்ப் பழைய ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். பற்றவைத்தது பற்றவைத்தபடியே, ஒரு நூல் அசையவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றார் செட்டியார், பயத்தில் வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

"கல்லு அடிச்சு கழண்டுடுச்சுங்க" என்றேன். பொய். இத்தனை வருஷத்தில் பாயிடம்கூட நிஜத்தைச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

வேறு நட்டு போட்டு, பின் மாட்டி, அவர்களைக் கடலூரில் விட்டுத் திரும்புவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. பட்டறை வாசலில் சவரிமுத்துவின் சம்சாரம் நின்றுகொண்டிருந்தார். வண்டியை விற்ற பிறகு அந்தப் பக்கமே வராதவர்.

"தம்பி, காலையில வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஏன்க்கா கேக்கறீங்க?"

"கொஞ்சம் ஊட்டுக்கு வந்து பாரேன். எனக்குப் பயமா இருக்குது."

போனேன். மாதா படத்துக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் சவரிமுத்து படுத்திருந்தார். ஒன்றரை வருஷமாக விரலைக்கூட அசைக்காத மனுஷன், இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். விரல்கள் வளைந்து எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி. தோள் நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை.

"பத்து மணி இருக்கும், திடீர்னு தூக்கினாரு. எறக்க மாட்டேங்கறாரு. நானும் பக்கத்தூட்டு ஆளும் சேந்து அமுக்கிப் பாத்துட்டோம்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். வலது கை, இடது கை, ஒவ்வொரு விரலாக ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அவர் உதடு அசைந்தது. குழறலாகத்தான், ஆனால் எனக்கும் கேட்டது, அந்த அம்மாவுக்கும் கேட்டது.

"கொழந்த... அழுவ நிறுத்திடுச்சே. ஏன்?"

வண்டியில் குழந்தை இருந்ததை அந்தத் தெருவில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

"நல்லா இருக்குதுங்க. கடலூர் போயி பால் குடிச்சுது, நான் பாத்தேன்" என்றேன்.

அவர் கைகள் மெதுவாக இறங்கிக் கட்டிலில் படிந்தன. அதற்குப் பிறகு அவர் பேசவும் இல்லை, அசையவும் இல்லை, அந்த மாசக் கடைசியில் போய்விட்டார். வண்டி எப்படித் திரும்பியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைக்கூட விட்டுவிடலாம். பின்னை மாட்ட மறந்த என் கையை அவர் அப்படிப் பார்த்தாரே, அதைத்தான் விட முடியவில்லை. இன்றைக்கும் யாராவது என் கையை உற்றுப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன்.