ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். நரம்பு கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயச் சபைப் பாடகர் குழுவில் நிற்பாள். பதினாலு வருஷமாக முன்வரிசை, பெண்களில் தாழ்ந்த சுருதியில் பாடும் கீழ்க்குரல்.

ஒன்பது வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள் பேருந்து ஓட்டுநர். கேட்பவர்களிடம் ஊசியக்கா அவளைத் தோழி என்பாள். கேட்காதவர்களுக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். அந்த வருஷம் சபையில் கொடுத்த குடும்பப் படிவத்தில், உறவுமுறை என்ற கட்டத்தில் அவள் "துணை" என்று எழுதிவிட்டாள். ஏன் எழுதினாள் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொய் எழுதிக் கை அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் போதகர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன். அவள் அம்மாவின் அடக்கத்தில் கூடவே நின்று அழுதவர்.

"முன்னாடி நின்னு பாடுறவங்க மேல எல்லார் கண்ணும் இருக்கும்மா. நீ வரலாம், உட்காரலாம். பாட மட்டும் வேண்டாம். அந்தப் படிவத்தை வேற மாதிரி எழுதிக் குடுத்துட்டா..." மீதியை மென்று விழுங்கினார்.

"வேற மாதிரின்னா பொய்யாவா ஐயா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஞாயிறு வந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள். அண்ணன் போனில், அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஓட்டுநரின் பேருந்திலேயே ஏறிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். சபை நிறுத்தம் வரும்போதெல்லாம் எழுந்திருப்பாள், உட்காருவாள். மூன்றாவது சுற்றில் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இறங்குறதுன்னா இறங்கு. இல்லன்னா உட்காரு. உன்னால என் வண்டி லேட்டாகுது" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போதகரே பரிசோதனைக்கு வந்தார். பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையில் குத்திப் பார்த்துவிட்டு, அவரை இவளிடம் அழைத்துவந்தார்கள். இவளைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையின் உட்புறத்தைத் தட்டிப் பார்த்தாள். ஒரே குத்து.

குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தபடி, "நீ இல்லாம பாட்டு நொண்டுதும்மா" என்றார்.

"என்னைக் கூப்பிடுறீங்களா, என் குரலை மட்டுமா?"

"என் கையில இருந்தா நாளைக்கே வான்னுடுவேன். மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"கீழ இருக்கிற உங்களுக்கு என்ன தோணுது ஐயா?"

"தெரியலம்மா" என்றார். "பைபிளைத் திறந்தா உன் அம்மா முகம் வருது."

அவள் பஞ்சை வைத்து, ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அதற்குமேல் அவருக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறு ஓட்டுநர் விடுப்பு எடுத்தாள். இருவரும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்த குடும்பம் எழுந்து பின்னால் போனது. இரண்டாவது பாட்டில் ஊசியக்கா இருந்த இடத்திலிருந்தே கீழ்க்குரலை எடுத்தாள். முதல் அடி பிசிறடித்தது. பாடகர் குழுவில் ஒரு தையற்காரம்மா மட்டும் இவள் பக்கம் திரும்பித் தாளத்துக்குத் தலையசைத்தாள். ஆராதனை முடிந்து வாசலில் போதகர் ஓட்டுநருக்குக் கை கொடுத்தார். ஊசியக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. முன்வரிசைக்குக் கூப்பிடவும் இல்லை. பிரசங்கத்தின்போது ஓட்டுநர் குறட்டை விடுகிறாள் என்பதுதான் இப்போது இருக்கும் புகார். ஊசியக்கா அவளை இடித்து எழுப்புவாள். எழுப்பிவிட்டு, பையை மடியில் வைத்து, ஒரு காலை பெஞ்சுகளுக்கு நடுவிலுள்ள நடைவழியில் ஊன்றி, பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.